இறங்கியவர் பெயர்

செப்டம்பர் 1, திங்கள்

புது நோட்டு. பழையது நேற்றோடு முடிந்தது. பிள்ளையார் சுழி போட்டு, முதல் பக்கத்தில் விபூதி தடவியாயிற்று. நாளைக்கு யார் எடுத்துப் பார்த்தாலும் புரிய வேண்டும் என்று, புது நோட்டு தொடங்கும்போதெல்லாம் விளக்கம் எழுதிவிடுவது என் வழக்கம்.

கிணறு: 24 முடிச்சு. கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சு. கிணற்று விளிம்பிலிருந்து தண்ணீர்வரை எத்தனை முடிச்சு என்று எண்ணுவேன். எண் குறைந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. 2003-இல் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது பயந்துபோய் அளக்க ஆரம்பித்தேன். பயம் போனது, பழக்கம் போகவில்லை. தினமும் குளித்ததும், பூஜைக்குத் தண்ணீர் இறைப்பதற்கு முன்னால் அளந்துவிடுவேன்.

வீட்டில் இருப்பவர்கள்: நான் செங்கமலம், எட்டாவது வரை படித்தவள். இவர், அதாவது என் வீட்டுக்காரர் சபாபதி, தபால் ஆபீஸில் ஓய்வு பெற்றவர். மகன் சேந்தன் கப்பலில் இஞ்சினியர், போய் நாலு மாதம். அவன் மனைவி நிறைமதி, மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டும் இயந்திரத்தில் பகல் ஷிஃப்டுக்குப் பொறுப்பு. அரியலூர்ப் பெண்.

"ஒருத்தன் தண்ணி மேல, ஒருத்தி மண்ணுக்குக் கீழ. தரையில இருக்கறது நாம ரெண்டு பேருதான்" என்று இவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

பால் இரண்டு பாக்கெட். நிறைமதியின் வேலைச்சட்டையை மூன்று முறை அலசினேன். இன்றைய மண் கறுப்பு.

செப்டம்பர் 4, வியாழன்

கிணறு 24.

சுரங்கம் நம் ஓதுவார் தெருவுக்கு வந்துகொண்டிருக்கிறது. இயந்திரத்துக்கு வேலையாட்கள் 'பெரியம்மா' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். பெரியம்மா நன்றாகச் சாப்பிட்டாள், பெரியம்மா இன்று முரண்டு பிடிக்கிறாள் என்று நிறைமதி சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சொல்லும்போது, ஏதோ சம்பந்தி வீட்டுக் கதை போல இருக்கிறது. அறுபத்தெட்டு அடி ஆழத்தில் நம் வீட்டுக்கு நேர் கீழே போகப்போகிறாள் பெரியம்மா.

இன்று அளவைக்காரர் தவராஜ் வந்து வாசல் சுவரில், நிலைக்கு மேலே, ஒரு கண்ணாடிக் குமிழைத் திருகிவிட்டுப் போனார். தெருவில் எல்லா வீட்டுக்கும் உண்டு. எதிர் வீட்டு மாடியில் காமிரா போல ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். அது தானாகத் திரும்பித் திரும்பி ஒவ்வொரு கண்ணாடியையும் பார்க்குமாம். வீடு ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் கண்டுபிடித்துவிடுமாம்.

"இதைத் தொடாதீங்கம்மா. துணி காயப் போட்டுராதீங்க" என்றார்.

"தொடுவேனா? நம்ம வீட்டைக் காக்கிற கண்ணு ஆச்சே" என்றேன்.

மோர் கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கிணறு 24. துவரம்பருப்பு ஒரு கிலோ.

கோயில் பிராகாரத்தில் வேதவல்லியைப் பார்த்தேன். நாலு வீடு தள்ளி இருக்கிறாள். கைகாலெல்லாம் வாய் அவளுக்கு.

"ஏன் செங்கமலம், உன் மருமக எலி மாதிரி பொந்து தோண்டிட்டு நம்ம தெருவுக்கே வர்றாளாமே! என் சுவர் விழுந்தா யாரு வந்து கட்டித் தர்றது?"

"எலி தோண்டினா உங்க வீட்டு அரிசி போகும். இவ தோண்டினா உங்க பேரன் ரயில்ல போவான்" என்றேன்.

கோயிலுக்குள் நின்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இன்னொரு சுற்று கூடுதலாகச் சுற்றினேன். சுற்றும்போதும் அந்தப் பதிலை நினைத்துச் சிரிப்பு வந்தது. அதற்காக மறுபடி ஒரு சுற்று.

செப்டம்பர் 14, ஞாயிறு

கிணறு 24. நிறைமதிக்கு லீவு. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். பரண் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தவள், 2004-ஆம் வருஷத்து நோட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அத்தை, இது என்ன?"

கிணற்றை ஆழப்படுத்தியபோது எழுதியது. எந்த அடியில் என்ன மண் வந்தது என்று கோடு போட்டு எழுதியிருக்கிறேன். நாலு அடிவரை மேல்மண். பதினொன்றுவரை கறுப்புக் களி. இருபத்தாறுவரை மணல், கடைசியில் சிப்பி. அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி. நாற்பத்தொன்றில் நிறுத்திவிட்டோம்.

"லட்ச லட்சமா செலவு பண்ணித் துளை போட்டு நாங்க எடுத்த கணக்கு அத்தை இது. அப்படியே இருக்கு!" என்றாள். பிறகு கடைசிக் கட்டத்தைக் காட்டி, "'இறங்கியவர்: எத்திராஜ்'னு ஒவ்வொரு வரியிலயும் எழுதியிருக்கீங்களே?" என்று கேட்டாள்.

"உள்ளே இறங்கினது அவருதானே. மேல நின்னவங்க பேரெல்லாம் யாருக்கு வேணும்? உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இறங்கறவர் பேரை எழுதாம, மண்ணோட கலரை மட்டும் எழுதினா நல்லாவா இருக்கும்?"

அவள் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 15, திங்கள்

கிணறு 24. மாவு புளித்துவிட்டது. தோசையாக வார்த்தேன்.

செப்டம்பர் 27, சனி

கிணறு 23. நேற்று நல்ல மழை.

மெட்ரோ ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நம் வீடு தொண்ணூறு வருஷத்து வீடு. இயந்திரம் அடியில் போகிற மூன்று நாளும் ஹோட்டலில் அறை தருகிறோம், சாப்பாடும் எங்கள் பொறுப்பு, விருப்பப்பட்டால் போகலாம் என்றார்கள். இவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஏசி ரூமா?" என்று கேட்டார்.

"ஓட்டறது எங்க வீட்டுப் பொண்ணு. அவ கீழே போகும்போது நான் மேல வீட்டைப் பூட்டிக்கிட்டு ஓடினா, அவளுக்கு என்ன மரியாதை?" என்றேன்.

இவர் பெருமூச்சு விட்டு, காபி கேட்டார்.

சுவரில் ஏற்கெனவே இருக்கும் மூன்று விரிசல்களின் நுனியிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டு இன்றைய தேதி எழுதினேன். நீண்டால் தெரிந்துவிடும்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

கிணறு 23.

விடியற்காலையிலேயே எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அரிவாள்மனை, தையல் மெஷின், கிரைண்டர், மோட்டார், கிணற்றுக் கயிறு, ராட்டினம், இவர் சைக்கிள், நிறைமதியின் பழைய ஹெல்மெட், வாசல் கண்ணாடி. சுண்டல், பொரி, அவல். பூசணிக்காய் இவர் உடைத்தார். பாதி தெருவில் விழாமல் நம் வாசலிலேயே விழுந்தது.

நிறைமதிக்கு லீவு இல்லை. இயந்திரம் நம் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னால் வந்துவிட்டது. கீழேயும் பூஜை போட்டார்களாம். மதியம் தரையில் படுத்தபோது காதில் லேசாக ஒரு முனகல் கேட்டது. அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. அவள்தான் கீழே வருகிறாள் என்று நினைத்ததும் அந்தச் சத்தத்திலேயே தூங்கிவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

கிணறு 23.

காலை எட்டரைக்கு எதிர் வீட்டு மாடியில் தவராஜும் இன்னொருவரும் நின்று, கருவியையும் நம் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முக்காலி போட்டு ஏறி, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். முக்காலி ஆடிற்று. எதையோ பிடித்துக்கொண்டு இறங்கினேன். முழங்கை சிராய்த்திருக்கிறது, மஞ்சள் வைத்திருக்கிறேன்.

பத்து நிமிஷத்தில் தவராஜ் வந்தார். "நேத்துலேர்ந்து உங்க வீட்டுக் கண்ணாடி மட்டும் பேசல. இப்பப் பேசுதாம். ஏதாவது மறைச்சுதாம்மா?"

"தெரியலையே" என்றேன்.

பதினொரு மணிக்குத் தரையின் முனகல் நின்றுவிட்டது.

நிறைமதி இரண்டு மணிக்கே வந்துவிட்டாள். நம் வீடு ஒரே நாளில் பதினொரு மில்லிமீட்டர் நகர்ந்திருப்பதாகக் கருவி சொல்கிறதாம். இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். நேற்று அவள் ஷிஃப்டில் ஏழு நிமிஷம் மண்ணழுத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதனால்தான் மேலே நிலம் உள்வாங்கிவிட்டது என்று சந்தேகமாம். விசாரணை முடியும்வரை ஆபீஸில் உட்காரச் சொல்லிவிட்டார்களாம்.

"இன்னும் நூத்தறுபது மீட்டர்தான் அத்தை. மூணு வருஷம் ஓட்டிட்டு வந்தேன். ஸ்டேஷன் சுவரை உடைக்கும்போது வேற யாரோ உட்கார்ந்திருப்பாங்க."

சாப்பிடவில்லை. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 3, வெள்ளி

கிணறு 23. விரிசல்கள் பென்சில் கோட்டைத் தாண்டவில்லை. பூஜையில் மனம் நிற்கவில்லை. பதிகத்தில் இரண்டு வரி மறந்துபோயிற்று. எனக்கு மறந்ததே இல்லை.

அக்டோபர் 4, சனி

கிணறு 23.

திருத்தம். இந்த நோட்டில் 2-ஆம் தேதி எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. 1-ஆம் தேதி வாசல் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தவள் நான். 2-ஆம் தேதி அவசரமாக அதைத் துடைக்கும்போது, முக்காலி ஆடி, 'எதையோ' பிடித்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறேன். பிடித்தது அந்தக் கண்ணாடியைத் தாங்கும் இரும்பை. அது என் கையில் திரும்பிற்று. வீடு நகரவில்லை. நான் நகர்த்தினேன்.

இதை எழுதிவிட்டு, நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ ஆபீஸுக்கு நடந்தேன். இவரைக் கூப்பிடவில்லை. குழிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் ஆபீஸ். ஓர் ஓரமாக நிறைமதி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "மாமாவுக்கு ஏதாவதா?" என்று எழுந்துவிட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, தலைமைப் பொறியாளர் குருவில்லா சாரிடம் போய், எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. மருமகளுக்காகச் சொல்றீங்க, எனக்குப் புரியுது. என் அம்மாவா இருந்தாலும் இப்படித்தான் வந்து சொல்லியிருப்பாங்க."

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன்.

"பொய் சொல்ல இந்த வெயில்ல வருவேனா சார்? ரெண்டு நாள் வீட்டுல சும்மா உட்கார்ந்திருந்தேனே, அதான் பொய். இந்தாங்க, என் பேச்சை நம்பாதீங்க, கிணத்தை நம்புங்க." நோட்டுகளை மேஜைமேல் வைத்தேன். "நிலம் உள்ள போயிருந்தா, தண்ணி அப்படியே நிக்குமா? நாலு நாளா இருபத்திமூணு முடிச்சு. அசையல."

அவர் பக்கங்களைத் திருப்பினார். "தினமும் அளக்கறீங்களா?"

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு நாள் விட்டுப்போச்சு. இதோ நிக்கிறாளே, இவ கழுத்துல தாலி ஏறின அன்னிக்கு."

தெருமுனையில் அவர்களே ஒரு குழாய் இறக்கித் தண்ணீர் அளக்கிறார்களாம், ஏழு மாதமாக. அந்தத் தாள்களைத் தவராஜ் கொண்டுவந்தார். அவர்களுடையது மீட்டர், என்னுடையது சாண். நிறைமதி என் கையை இழுத்து ஸ்கேலின் மேல் வைத்து அளந்தாள். என் சாண் எட்டரை அங்குலம். பெருக்கிப் பெருக்கி எழுதினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் சிவப்பும் நீலமுமாக இரண்டு கோடுகள் வந்தன. ஏழு மாதம், இரண்டும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. கடைசி நாலு நாளும் இரண்டும் படுத்துக்கிடந்தன.

குருவில்லா சார் எழுந்து ஹெல்மெட்டை எடுத்தார். "வாங்க, வீட்டைப் பார்ப்போம்."

தவராஜ் ஏணி வைத்து ஏறினார். "சார், திருகுக்குப் பின்னாடி குங்குமம் காய்ஞ்சு ஒட்டியிருக்கு. இரும்பும் ஒரு பக்கமா திரும்பியிருக்கு" என்றார். சார் என் மூன்று விரிசல்களையும் டார்ச் அடித்துப் பார்த்தார். பென்சில் கோடுகளைப் போட்டோ எடுத்தார்.

"பெரியம்மாவுக்கு நாங்களும்தான் பூசணிக்காய் உடைச்சோம், பொட்டு வெச்சோம். ஆனா கண்ணுல வைக்கல" என்றார்.

வேதவல்லி அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கட்டும்.

திங்கள் முதல் நிறைமதி மறுபடி இறங்கலாம்.

சாயந்திரம் அவள் சமையலறைக்கு வந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது, நினைத்ததை மறைப்பானேன்.

"ரெண்டு நாள் அத்தை! சுரங்கத்துல நாங்க மாட்டின சிமென்ட் வளையம் ஒவ்வொண்ணோட கணக்கையும் பார்த்து என் தப்பு எங்கேன்னு தேடினேன். இல்லாத தப்பை. நீங்க பக்கத்துல நின்னு, 'இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா'ன்னு கேட்டீங்க."

அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

கிணறு 23. நிறைமதி அவள் துணியை அவளே துவைத்தாள்.

அக்டோபர் 6, திங்கள்

கிணறு 23.

நாலரைக்கே எழுந்து எலுமிச்சம் சாதம் கிளறினேன். டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, பூஜையறையில் நின்றுகொண்டேன். அவள் பூட்ஸ் மாட்டும் சத்தம். மூடியைத் திறக்கும் சத்தம். பிறகு:

"ஊறுகா எங்க அத்தை?"

ஓடிப்போய் வைத்தேன். அவசரத்தில் மூடியில் எண்ணெய் வழிந்தது. அவளே துடைத்தாள்.

"சாயந்திரம் சட்டையை ஊற வெச்சுடறேன். நீங்கதான் அலசணும். எனக்கு அந்தக் கறை போகமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 8, புதன்

கிணறு 23.

இன்று காலை பத்தேகாலிலிருந்து மாலைவரை நம் வீட்டுக்கு நேர் கீழே பெரியம்மா. பூஜையறைத் தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மேலே வட்டம் வட்டமாகச் சிறு நடுக்கம். ஒரு சொட்டு சிந்தவில்லை. இவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். வேதவல்லி பயந்துபோய் நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். இங்கேதான் ஆபத்து குறைவாம்.

"உன் மருமகதானே ஓட்டறா? அப்ப உன் வீட்டை விட்டுடுவாளா?" என்றாள்.

காபி கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டாவது டம்ளரும் கொடுத்தேன்.

மாலை அளந்தேன். கணக்குக்கு வெளியே, இரண்டாவது தடவை. 23. விரிசல்கள் அப்படியே. வாசல் கண்ணாடி பார்த்தது பார்த்தபடி.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

கிணறு 20. மழை பிடித்துக்கொண்டது. சேந்தன் கப்பலிலிருந்து பேசினான், பாதி கேட்கவில்லை. நிறைமதிக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி அனுப்பினேன். கீழே இருப்பவர்களுக்கு நூறு அதிரசம். ஒரிசாக்காரர் ஒருவர் நாலு சாப்பிட்டாராம்.

அக்டோபர் 24, வெள்ளி

கிணறு 19.

இன்று ஸ்டேஷன் குழிக்கு எங்கள் இரண்டு பேரையும் அழைத்திருந்தார்கள். பட்டுப்புடவை கட்டி, மேலே ஆரஞ்சுச் சட்டை, தலையில் ஹெல்மெட். "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கே" என்றார் இவர். முப்பத்தைந்து வருஷத்தில் இதைச் சொல்ல ஹெல்மெட் வேண்டியிருந்திருக்கிறது.

நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கினோம். எண்ணினேன். அடியில் ஒரு பெரிய சிமென்டுச் சுவர். அதன் முன்னால் எல்லாரும் கூடி நின்றார்கள். அதிர்வு முதலில் காலில்தான் தெரிந்தது. பிறகு சுவரில் வட்டமாக ஒரு கோடு. ஒரு துண்டு விழுந்தது. இன்னொன்று. திடீரென்று சுவர் முழுவதும் பொலபொலவென்று சரிந்து, புழுதிக்குள்ளிருந்து இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலான சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தது. மண் வழிந்துகொண்டிருந்தது. தேர் முனை திரும்பி வரும்போது கையெடுப்பது போல எனக்குக் கை தானாக மேலே போயிற்று. சுற்றி நின்ற ஆட்கள் ஒவ்வொருவரும் அவரவர் பாஷையில் சாமி பேரைச் சொல்லிக் கத்தினார்கள்.

சக்கரம் நின்றதும், அதன் இடைவெளி வழியாக உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து வெளியே வந்தார்கள். மூன்றாவது ஆள் அவள். முகமெல்லாம் சேறு, பல் மட்டும் தெரிந்தது. யாரோ மாலை போட்டார்கள். அவள் கூட்டத்தில் தேடினாள். இவர் கையை உயர்த்தி ஆட்டினார். "என்னைத்தான் தேடறா" என்றார். அப்படியே இருக்கட்டும்.

குருவில்லா சார் வந்து, பக்கத்தில் நின்ற ஒரு பெரிய அதிகாரியிடம், "இவங்கதான் சார், எங்க கிணத்தம்மா" என்றார். எனக்கு இங்கே இப்படி ஒரு பெயர் இருப்பது இன்றுதான் தெரியும்.

நிறைமதி என் கையில் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தாள். கனமாக இருந்தது.

"காலி டப்பா இல்ல அத்தை. கழுவிடாதீங்க. எட்டாம் தேதி, நம்ம பூஜையறைக்கு நேர் கீழே எடுத்தது. உங்க நோட்டுல நாப்பத்தொண்ணோட நிக்குதில்ல?"

வீட்டுக்கு வந்ததும் விளக்கேற்றிவிட்டு, 2004 நோட்டை எடுத்தேன். எத்திராஜின் கடைசி வரிக்குக் கீழே, இருபத்தொரு வருஷமாகக் காலியாகக் கிடந்த இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்து எழுதினேன். அதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

68 அடி. பச்சை கலந்த சாம்பல் களி. நடுவில் அரிசி அளவுக்கு வெள்ளைக் கற்கள். மணம் இல்லை. கையில் ஒட்டினால் மூன்று அலசலில் போகும்.

இறங்கியவர்: நிறைமதி, என் மருமகள்.